காற்றுக்கு எதிரே திரும்பும் வழிக்கு: என் வள்ளத்தின் லித்தியம் பற்றரி

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்களுக்குச் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் எழும்பினால் செப்டெம்பர் வரை அது ஓய்வதில்லை. விடியற்காலையில் குளம் அமைதியாக இருக்கும். வலையைத் தூக்கி மீனைக் கழற்றி முடிக்கும் நேரத்தில், வெயில் ஏறத் தொடங்கும்போது, தென்மேற்கிலிருந்து காற்றும் ஏறிவிடும். கிழக்குப் பக்கம் வலை வைத்தவர்கள் மேற்கு அலைகரைக்கு வர வேண்டுமானால் அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். போகும்போது வெறும் வள்ளம். வரும்போது நனைந்த வலையும் மீனும் சேர்ந்த பாரம். மின்மோட்டார் பூட்டிய வள்ளத்துக்கு எந்தப் பற்றரி நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இந்தத் திரும்பும் வழியை வைத்தே பதில் சொல்கிறேன். அந்த வழியில் அசிற் பற்றரி, அதாவது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட வழக்கமான பற்றரி, என்னைப் பலமுறை கைவிட்டது. லித்தியம் பற்றரி கைவிடவில்லை. ஆகவே வாங்கலாம் என்பதே என் தீர்ப்பு. ஆனால் பற்றரியை மட்டும் வாங்கி வந்து பழைய கம்பியிலும் பழைய சார்ஜரிலும் மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

முதலில் மோட்டாரைப் பற்றி. கனடாவில் இருக்கும் என் மச்சான் கப்பலில் அனுப்பிய பெட்டியில் வந்தது. ட்ரோலிங் மோட்டார் என்பார்கள். அங்குள்ள ஏரிகளில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் மீனைக் கலைக்காமல் மெல்ல நகர்வதற்காகச் செய்யப்பட்டது. வள்ளத்தின் பின்பலகையில் இறுக்கும் பிடி, ஒரு நீண்ட தண்டு, மேலே கைப்பிடி, நீருக்கடியில் சுழலியோடு சேர்ந்த மோட்டார், அவ்வளவுதான். என்னுடையது 12 வோல்ற். உந்துவிசை 55 இறாத்தல். முன்னோக்கி ஐந்து வேகம், பின்னோக்கி மூன்று. 2009 இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று என் வலது தோளில் இன்னும் இருக்கிறது. கோல் ஊன்றுவேன், சிறிது தூரம் துடுப்புப் போடுவேன். அதற்கு மேல் கை எழும்பாது. இந்த மோட்டார் வராமல் இருந்திருந்தால் தொழிலை விட்டுக் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பேன். பொழுதுபோக்குக்காகச் செய்த ஒரு கருவியை நான் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறேன். அதனால் அதற்குப் பூட்டும் பற்றரியிடம் நான் எதிர்பார்ப்பதும் அதிகம்.

இங்கே எல்லோரும் முதலில் பூட்டுவது லொறி பற்றரி. அது எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. மெல்லிய ஈயத் தகடுகள் சில வினாடிகளுக்குப் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எடுத்தது உடனே நிரம்பிவிடும். அதைக் காலை முழுவதும் வடியவிட்டால் தகடுகள் சீக்கிரம் உதிர்ந்துபோகும். சோலருக்கென்று விற்கும், ஆழமாக வடியவிடக்கூடிய அசிற் பற்றரி அதைவிட நல்லது. நானும் அந்த வகையில் 100 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றைத்தான் வைத்திருந்தேன். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஈயத்தின் இயல்பே அது. ஈயப் பற்றரியின் மேல் எழுதியிருக்கும் 100 என்பது, 5 அம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. என் மோட்டார் முழு வேகத்தில் 50 அம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு வேகமாக இழுத்தால் எழுதியிருப்பதில் பெரும் பங்கு கிடைக்கவே கிடைக்காது. கிடைப்பதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் பற்றரியின் ஆயுள் குறைகிறது.

அதைவிடக் கொடுமை வோல்ற் இறங்குவது. நிரம்பிய அசிற் பற்றரி ஓய்வில் 12.7 வோல்ற் காட்டும். மோட்டாரை முழு வேகத்தில் விட்டதும் 12 க்குக் கீழே போகும். பாதி வடிந்த பிறகு 11.5, அதற்கும் கீழே. வோல்ற் இறங்கச் சுழலியின் வேகம் இறங்கும். வேகம் இறங்குவதைவிடத் தள்ளும் பலம் இன்னும் விரைவாக இறங்கும். காலையில் காற்றில்லாத நீரில் வெறும் வள்ளம் போகும்போது மோட்டாருக்கு முழுப் பலமும் இருக்கும். பலம் தேவைப்படும் நேரத்தில், குளத்தின் நடுவில், அலை முன்னணியத்தில் அடிக்கும்போது, கைப்பிடியை ஐந்தாம் வேகத்தில் வைத்தாலும் வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு காற்று அதைக் குளக்கட்டுப் பக்கம் கொண்டுபோகும். ஆழம் குறைந்த இடங்களில் இறங்கித் தள்ளலாம் என்றால் முதலைகளை நினைக்க வேண்டும்.

நான் வாங்கியது லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி: 12.8 வோல்ற், 100 அம்பியர்-மணி. 3.2 வோல்ற் கலங்கள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு ஒரு காவல் பலகை இருக்கிறது. கடைக்காரர்கள் பிஎம்எஸ் என்று சொல்வது அதைத்தான். எடை 12 கிலோ. பழையது 28 கிலோ. இந்த வித்தியாசத்தை மோட்டார் உணர்வதற்கு முன் என் தோள் உணர்ந்தது. முன்பு என் மகன் பள்ளிக்கூடம் போவதற்குள் பற்றரியைச் சைக்கிளில் ஏற்றி அலைகரைக்குக் கொண்டுவந்து வள்ளத்தில் வைத்துவிட வேண்டும். அவன் வராத நாளில் எனக்குத் தொழில் இல்லை. இப்போது இடது கையால் நானே தூக்கிக்கொண்டு போகிறேன். தோளில் குறையில்லாதவர்களுக்கு இது சின்ன விடயமாகத் தோன்றலாம். வன்னியில் உடம்புக்குள் இரும்போடு தொழில் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அவர்களுக்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

வள்ளம் ஓடும் விதம் அடுத்தது. 50 அம்பியர் இழுக்கும்போதும் இந்தப் பற்றரி 13 வோல்றுக்கு அருகிலேயே நிற்கிறது. பாதி முடிந்தபோதும் அதே அளவு. முக்கால் முடிந்தபோதும் ஏறத்தாழ அதே அளவு. போகும்போது நாலாம் வேகம் எப்படித் தள்ளியதோ, பாரத்தோடு திரும்பும்போதும் அப்படியே தள்ளுகிறது. நாலாம் வேகம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசிற் பற்றரியில் கிடைத்ததைவிட மோட்டாருக்கு இப்போது கூடுதல் வோல்ற் கிடைப்பதால், ஐந்தாம் வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் அது அளவுக்கு மீறிச் சூடாகும். ஐந்தாம் வேகம் அவசரத்துக்கு மட்டும். பயணம் முழுவதும் நாலில் வைத்தாலே முன்பு ஐந்தில் கிடைத்த வேகம் வருகிறது.

இனி எச்சரிக்கை. இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

வோல்ற் இறங்காத இந்தக் குணத்தாலேயே பற்றரி முடியப்போவதும் தெரியாது. அசிற் பற்றரி களைப்பைக் காட்டும். சுழலியின் ஓட்டம் மந்தமாகும்போது, திரும்ப வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். லித்தியம் அப்படிக் காட்டாது. கடைசி வரை ஒரே பலத்தோடு ஓடும். பிறகு கலங்களின் வோல்ற் எல்லையைத் தொட்டதும் காவல் பலகை இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த நொடியில் மோட்டார் நின்றுபோகும். பழைய வோல்ற்மீற்றரைப் பார்த்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். 90 சதவீதம் இருக்கும்போதும் 40 சதவீதம் இருக்கும்போதும் அது காட்டும் எண்களுக்கு இடையே இரண்டு மூன்று பத்திலொரு பங்கு வோல்ற்தான் வித்தியாசம். சின்ன எழுத்தும் வெயிலும் சேர்ந்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

தேவைப்படுவது உள்ளே போன அம்பியரையும் வெளியே வந்த அம்பியரையும் எண்ணிக் கூட்டிக் கழித்துச் சதவீதமாகக் காட்டும் மீற்றர். மின்னோட்டத்தை அளப்பதற்காக அதனோடு வரும் பித்தளைத் துண்டைக் கறுப்புக் கம்பியின் வழியில், பற்றரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் இடையே பூட்ட வேண்டும். பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் சொற்பம். இது இல்லாமல் லித்தியம் பற்றரியோடு குளத்தில் இறங்க வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன். சோளக மாதங்களில் 60 சதவீதம் என்று காட்டும்போதே நான் வள்ளத்தைத் திருப்பிவிடுகிறேன். போவதற்கு ஒரு பங்கு செலவானால் வருவதற்கு ஒன்றரைப் பங்கு என்பது என் கணக்கு. காற்றில்லாத மாதங்களில் பாதி வரை போகலாம்.

இந்த மீற்றர் எனக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. மூன்றாம் வேகத்தில் 20 அம்பியருக்கு அருகில் நிற்க வேண்டிய எண் மெல்ல மெல்ல ஏறினால், சுழலியில் பாசியோ அறுந்த வலைத்துண்டோ சுற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தித் தண்டை உயர்த்திப் பார்க்கிறேன். நைலோன் நூல் தண்டின் முத்திரை வளையம் வரை போய்விட்டால் மோட்டாருக்குள் நீர் புகும். பிறகு மோட்டாரை மறந்துவிட வேண்டியதுதான். மீற்றர் அதை முன்கூட்டியே சொல்கிறது.

சார்ஜ் ஏற்றுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கென்று செய்த சார்ஜரையே வாங்க வேண்டும், 14.2 முதல் 14.6 வோல்ற் வரை ஏற்றி நிறுத்துவது. அசிற் பற்றரிக்கான சில சார்ஜர்கள் தகட்டில் படிந்ததைக் கரைப்பதற்காக 15 வோல்றுக்கு மேல் தள்ளும். அப்படித் தள்ளினால் காவல் பலகை இணைப்பை வெட்டும். தினமும் அதையே காவலுக்கு நிறுத்துவது நல்லதல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. பற்றரி முழுவதும் வடிந்து இணைப்புத் துண்டிக்கப்பட்ட நிலையில், பழைய சார்ஜர் அங்கே பற்றரி இருப்பதையே கண்டுகொள்ளாமல் சும்மா இருக்கும். 20 அம்பியர் சார்ஜரில் வெறுமையிலிருந்து நிரம்ப ஐந்து மணி நேரம் ஆகும். சோலரில் ஏற்றுகிறவர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியில் லித்தியத்துக்கான தெரிவு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் இந்த நாட்டில் வாழ்கிறவனுக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. அசிற் பற்றரியைப் பாதி ஏற்றிய நிலையில் விட்டுவைத்தால் தகட்டில் உப்புப் படிந்து அது செத்துக்கொண்டே போகும். லித்தியத்துக்கு அந்த நோய் இல்லை. பாதியில் மின்சாரம் நின்றுபோனால் போகட்டும். இருப்பதோடு தொழிலுக்குப் போகலாம். சொல்லப்போனால் நெடுநாள் ஓய்வில் வைப்பதற்குப் பாதி சார்ஜ்தான் அதற்கு நல்லது. கலங்கள் தங்களுக்குள் சமப்படுவதற்காக இடையிடையே ஒருமுறை முழுவதும் ஏற்றினால் போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது என் அசிற் பற்றரி ஒருநாளும் நிரம்பியதில்லை. அந்த மாதங்களில்தான் அது பழுதாகத் தொடங்கியது. மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பற்றி எனக்கு இருக்கும் அக்கறை அதற்கும் பழையது. 1990 களில் வன்னிக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட வயதில் நான் இருந்தேன். இன்று ஒரு பற்றரியின் மின்சாரத்தில் ஒரு வள்ளத்தைக் காலை முழுவதும் ஓட்டுகிறேன். அதன் பெறுமதி எனக்குத் தெரியும்.

வெயில்தான் இதன் எதிரி. குளிர் நாடுகளில் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்று பயமுறுத்துவார்கள். கிளிநொச்சியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் 45 பாகைக்கு மேல் சூடு ஏறினால் கலங்களின் ஆயுள் குறையும். கறுப்புப் பெட்டியோடு பைபர் வள்ளத்தில் வெயிலில் கிடந்தால் அந்தச் சூடு தாராளமாக ஏறும். இருக்கைப் பலகைக்குக் கீழே மரப்பெட்டி ஒன்று அடித்து, வெளிப்புறம் வெள்ளை பூசி, அதற்குள் வைத்திருக்கிறேன். அசிற் பற்றரி வாயு விடுவதால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். இது சாதாரண ஓட்டத்தில் வாயு விடுவதில்லை என்பதால் மூடிய பெட்டி போதும். வீட்டுக்கு வந்ததும் சூடு ஆறிய பிறகுதான் சார்ஜரை மாட்டுகிறேன்.

“அண்ணை, போன் பற்றரி போல இதுவும் தீப்பிடிக்காதா?” என்று வலைத்தொழில் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான பயம். போனில் இருப்பது பெரும்பாலும் கோபால்ற் கலந்த வகை. இரும்பு பொஸ்பேற்று வகையை ஜோன் குடினஃபும் அவருடைய குழுவினரும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டார்கள். அவருக்கு 2019 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. இந்த வகையில் ஒட்சிசன் பொஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் விடுபட்டு நெருப்புக்கு உதவுவதில்லை. அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்பதில்லை. பற்றரி தீப்பிடிக்காவிட்டாலும், மெல்லிய கம்பி 50 அம்பியரில் தீப்பிடிக்கும். 16 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட வேண்டும். சிவப்புக் கம்பியில், பற்றரிக்கு அருகிலேயே, 60 அம்பியர் துண்டிப்பான் வேண்டும். பழைய லொறிக் கம்பிகளை முறுக்கிச் சேர்த்து ஒட்டும் வேலை இதில் வேண்டாம்.

வாங்கும்போது தராசைக் கொண்டுபோங்கள். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். 100 அம்பியர்-மணிக்கான நான்கு கலங்கள் மட்டுமே எட்டுக் கிலோவுக்குக் கிட்ட வரும். பெட்டி, காவல் பலகை, கம்பி எல்லாம் சேர்த்தும் ஐந்தாறு கிலோதான் வருகிறது என்றால் மேலே எழுதியிருக்கும் 100 பொய். எங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி வந்தார். எனது மீற்றரைப் பூட்டி வடியவிட்டுப் பார்த்தோம். எழுதியிருந்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். வலை விற்று வாங்கிய பற்றரி அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காவல் பலகை தொடர்ந்து எத்தனை அம்பியர் தாங்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 100 அம்பியர் தாங்குவது நல்லது. 50 அம்பியர் பலகை என்றால் மோட்டார் கிளம்பும் வேகத்திலேயே வெட்டிவிடும். மூடி ஒட்டப்படாமல் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. பலகை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஐந்து வருட உத்தரவாதம் என்று கடதாசியில் எழுதித் தருவார்கள். பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்போதே கேளுங்கள். ஏ-9 வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் பற்றரியைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் போய் வரும் நாள்களில் யாருக்கும் தொழில் இல்லை.

விலையைப் பொறுத்தவரை, நான் கொடுத்தது நல்ல அசிற் பற்றரியின் விலையில் இரண்டரை மடங்குக்குக் கிட்ட. ஆழமாக வடியவிடும் அசிற் பற்றரி முந்நூறு முதல் ஐந்நூறு முறை நிரப்பி வடிய உழைக்கும். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் எழுதுகிறார்கள். தினமும் தொழிலுக்குப் போகிறவருக்குக் கணக்கு லித்தியத்தின் பக்கமே சாய்கிறது. மண்ணெண்ணெய் எஞ்சினோடு ஒப்பிடுகிறவர்கள் 2022 ஆகஸ்டை நினைத்துக்கொள்ளட்டும். ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. ஆனால் கிழமைக்கு ஒருமுறை பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர், அல்லது கரையை ஒட்டியே வலை வைக்கிறவர், இவ்வளவு பணத்தை இதில் முடக்கத் தேவையில்லை. செத்த அசிற் பற்றரியை ஈயத்துக்காக எடைபோட்டு வாங்க ஆள் வாசலுக்கே வருவார். செத்த லித்தியத்தை வன்னியில் வாங்குவார் இல்லை. இதையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாரியில் வான்கதவுகள் திறந்திருக்கும் நாள்களில் எந்தப் பற்றரியாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2018 டிசெம்பரில் இரணைமடு எப்படிப் பாய்ந்தது என்பதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 55 இறாத்தல் உந்து அந்த இழுவைக்கு முன்னால் நிற்காது.

நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற உப்புநீர்க் களப்புகளில் தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பற்றரி அங்கேயும் நன்றாக உழைக்கும். முனைகளில் உப்புப் படியாமல் கிரீஸ் பூசி, இறப்பர் மூடி போட்டு வையுங்கள். கவனம் தேவைப்படுவது மோட்டாருக்கு. என்னுடையது போன்ற நன்னீர் மோட்டார்களைக் களப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். உப்புநீர் உடலையும் தண்டையும் அரித்துவிடும். உப்புநீருக்கென்று தனியாகச் செய்த மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றில் சுழலிக்கு அருகே துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கும். மோட்டாருக்குப் பதிலாக அது கரையும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். வெளிநாட்டு உறவினரிடம் மோட்டார் கேட்கும்போதே உங்களுடையது குளமா களப்பா என்பதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.